ஐந்து மணிக்குப் பின் தீவில் யாரும் இல்லை

அன்று என் அப்பாவின் படகில் தீவுக்குப் போனவர்கள் பன்னிரண்டு பேர். மாலை ஐந்து இருபதுக்கு என் கவுண்டருக்குத் திரும்பி வந்த அனுமதிச்சீட்டுகள் பதினொன்று. மேசைமேல் பரப்பி மூன்று முறை எண்ணினேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். பன்னிரண்டு வரை எண்ணத் தெரியும்.

தீவுச் சரணாலயத்தில் நான் ஒப்பந்த ஊழியர். ஒரு நாளைக்கு அறுபது பேர்தான் தீவுக்குப் போகலாம். பாட்டுப் போடக் கூடாது, கூடுகளை நெருங்கக் கூடாது, ஐந்து மணிக்கு மேல் ஒருவரும் இருக்கக் கூடாது. இருட்டத் தொடங்கினால் முதலைகள் கரையேறும். எல்லாம் நல்ல விதிகள்தான். இவற்றைச் சொல்லிச் சொல்லித்தான் என் தொண்டை இப்படிக் கட்டிப்போய்க் கிடக்கிறது.

ஜன்னல் வழியாக அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். பெட்டி காலியாகத்தானே இருந்தது என்றார்.

பெட்டி என்றால் செருப்புப் பெட்டி. வெளி மண்ணும் விதையும் தீவில் விழக் கூடாது என்று, வருகிறவர்கள் தங்கள் செருப்பைப் படகில் கழற்றிவைத்துவிட்டு எங்கள் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். படகுக்குத் திரும்பியதும் பூட்ஸைத் தொட்டியில் போட்டுவிட்டு அவரவர் செருப்பை எடுத்துக்கொள்வார்கள். அதனால் எந்தப் படகோட்டியும் தலையை எண்ணுவதில்லை. தலை குனியும், நிமிரும், இன்னொரு தலைக்குப் பின்னால் மறையும். பெட்டி காலியானால் எல்லோரும் வந்தாயிற்று, கயிற்றை அவிழ்க்கலாம். இந்த விதி வந்த ஆறு வருடத்தில் பெட்டி ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

அதே படகில் வந்த ஒரு பெண் கவுண்டர் பக்கத்தில் தலைவாரிக்கொண்டிருந்தார். கூட வந்த ஒரு கண்ணாடிக்காரர் தன் ஷூவைப் பெட்டியில் போடவில்லை, புதுசு, யாராவது மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்று பைக்குள் வைத்துக்கொண்டார் என்று சர்வசாதாரணமாகச் சொன்னார்.

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆளை விட்டுவிட்டு வந்த படகுக்கு லைசென்ஸ் ரத்து. எச்சரிக்கை கிடையாது, அபராதம் கிடையாது, ரத்துதான். வேறு வேலை அவருக்குத் தெரியாது; இந்த வயதில் யாரும் சொல்லித்தரவும் மாட்டார்கள். கழுத்தில் தொங்கிய லைசென்ஸ் அட்டையைக் கையால் மூடியபடி கவுண்டர் துவாரத்துக்குள் குனிந்தார்.

"பன்னண்டுன்னு எழுதிடும்மா. அரை மணி நேரம். போய்க் கூட்டிட்டு வந்துடறேன். ஒரு ஈ காக்காக்குத் தெரியாது."

"எழுதிட்டா அந்த ஆளு தீவுலயே இல்லன்னு ஆயிடும்ப்பா. நடுவுல உன் எஞ்சின் நின்னா யாரு தேடுவா?"

"என் எஞ்சின் நிக்காது."

"போன வாரம்தான் நின்னுச்சு."

"அது எண்ணெய்ல தண்ணி. இப்ப உன்கிட்ட விளக்கம் சொல்லிட்டு நிக்கணுமா?"

நான் எழுதவில்லை. பொய் எழுதத்தான் படிக்க வைத்தாயா என்று வேறு கேட்டுத் தொலைத்தேன். அந்த மனிதருடைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்தேன். வயது ஐம்பத்தெட்டு. உடல்நலம் என்ற கட்டத்தில், சர்க்கரை நோய், ஊசி போட்டுக்கொள்பவர் என்று அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தார். ஊசி போட்டவர் வேளைக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடுவார். அந்தக் கட்டத்தை நாங்கள் யாரும் படித்ததே இல்லை. நிரப்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து முத்திரை குத்துவோம்.

சரணாலய அதிகாரிக்குப் போன் போட்டேன். தலைமை அலுவலகக் கூட்டத்தில் இருந்தார். 'திரும்பவில்லை' என்று பதிவு செய் என்றார். செய்தேன். ரோந்துப் படகு பழுது, காலை ஆறரைக்கு வரும் என்றார். அப்பாவின் படகு தயாராக நிற்கிறது என்றேன்.

"ஏம்மா, இப்பதான் ஆளை விட்டுட்டு வந்த படகு. அது லைசென்ஸ் இந்த நிமிஷமே சஸ்பெண்ட். அதுல போய்த் தேடச் சொல்றியா?"

வேறு படகு அனுப்புங்கள் என்றேன். ஐந்து மணிக்கு மேல் நுழைய அவசர அனுமதி வேண்டும், இணையதளத்தில் போடு, நான் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார்.

போட்டேன். வருகையின் நோக்கம் என்ன என்று கேட்டது. பறவை பார்த்தல், புகைப்படம், ஆராய்ச்சி, மற்றவை. மற்றவையைத் தொட்டு, உள்ளே விட்டுவிட்டு வந்த மனிதரை உயிரோடு கொண்டுவர என்று எழுதினேன். எழுத்து எண்ணிக்கை அதிகம், சுருக்கவும் என்றது. சுருக்கினேன். உங்கள் விண்ணப்பம் மூன்று வேலை நாட்களில் பரிசீலிக்கப்படும், பறவைகளை நேசிப்பதற்கு நன்றி என்று வந்தது.

மணி ஆறு. மறுபடி போன் போட்டேன், அவர் எடுக்கவில்லை. மற்ற படகோட்டிகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் கழுத்தில் அட்டை தொங்குகிறது, யாரைக் குறை சொல்ல. நாற்பது நிமிடமாக அந்த மனிதரைத் தீவில் வைத்துப் பூட்டியது யார் என்று யோசித்தேன். அப்பா விட்டுவிட்டு வந்தார். பூட்டியது நான்.

வெற்றுச் சீட்டு ஒன்றை எடுத்து, உள்ளே செல்வோர் இருவர் என்று எழுதி, அதிகாரி கையெழுத்துப் போடும் இடத்தில் என் பெயரை எழுதினேன். டீ போடும் மூலையிலிருந்த சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிடும்படி மற்ற படகோட்டிகளிடம் சொல்லிவிட்டுப் படகில் ஏறினேன். அப்பா கயிற்றை அவிழ்த்தார். எஞ்சின் முதல் இழுப்பிலேயே கிளம்பியது.

தண்ணீர் ஏறியிருந்ததால் தீவுத் துறையின் கீழ்ப்படிகள் மூழ்கியிருந்தன. பறவை பார்க்கும் குடிசைக்குள் அவர் சுவரில் சாய்ந்து கிடந்தார். சட்டை பிழிந்தெடுத்தாற்போல் நனைந்திருந்தது. நான் பேசியதற்குச் சம்பந்தமே இல்லாமல் ஏதோ வீட்டுச் சாவியைப் பற்றிக் குழறினார். சர்க்கரையைத் தண்ணீரில் குழைத்து உதட்டில் வைத்தேன். விழுங்க மாட்டேன் என்றார். அப்பா அவர் தாடையைப் பிடித்து, குழந்தைக்கு மருந்து புகட்டுவதைப் போல, "முழுங்கு சாமி, முழுங்கு, நீ இங்க செத்தா என்னைத் தூக்குல போடுவானுங்க" என்று கெஞ்சினார். பாதி வழிந்தது, பாதி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணைத் திறந்து, கடைசிப் படகு போய்விட்டதா என்று கேட்டார்.

இருவரும் தாங்கி நடத்தினோம். பாதை ஓரச் சேற்றில் ஏதோ கனமாக நகர்ந்தது. அப்பா விளக்கை அந்தப் பக்கம் திருப்பவே இல்லை. திருப்பினால் என் கால் ஓடாது என்று அவருக்குத் தெரியும்.

திரும்பியபோது துறையில் ஆம்புலன்ஸும் அதிகாரியும் நின்றார்கள். ஆம்புலன்ஸ் மருத்துவர் நோயாளியைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் சிரமம் என்றார். அதிகாரி என் சீட்டை விளக்கில் பிடித்து வாசித்து மடித்து வைத்துக்கொண்டார். நாளையிலிருந்து நான் வர வேண்டாம் என்றார். பிறகு அப்பாவிடம் கையை நீட்டினார். அப்பா தலையைக் குனிந்து அட்டையைக் கழற்றிக் கொடுத்தார். படகைச் சரணாலயத் துறையிலேயே கட்டச் சொன்னார்கள். கட்டினார்.

வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில் அவர் நின்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன்.

"அஞ்சரைக்கே போயிருந்தா அந்தாளு இவ்வளவு பட்டிருக்க மாட்டான். அட்டையும் இருந்திருக்கும். இல்லியாம்மா?"

விதியைச் சொல்ல வாயெடுத்தேன்.

"ஆமாப்பா" என்றேன்.