முப்பத்தொன்றாவது செடி

மொருகா என்கிற ஊரில் மிளகாய்ச் செடி இல்லாத வீடு கிடையாது. அதிலும் தேள் மிளகாய். தோலெல்லாம் முண்டு முண்டாக, அடியில் கொடுக்கு மாதிரி ஒரு முனையோடு தொங்கும். அதை நறுக்கிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கண்ணைத் தொட்டாலும் அன்றைக்கு வேலை போச்சு. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, காரமே இல்லாத தேள் மிளகாய் ஒன்றை உண்டாக்கப் போகிறேன் என்று ஹோலிஸ் சொன்னால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? ரம் கடையில் அவருக்குப் 'பால்காரர்' என்று பட்டம் கட்டினார்கள். காரம் தாங்காமல் பால் குடிக்கிறவன் என்று அர்த்தம். அந்த ஊரில் ஒரு ஆண்பிள்ளைக்கு இதைவிட மோசமான பெயர் கிடையாது.

ஹோலிஸ் கண்டுகொள்ளவில்லை. அவருக்கு வேறு கவலை இருந்தது.

அவர் மனைவி வெர்னாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து, முப்பத்துமூன்று தடவை கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். நோய் போனது. போகும்போது அவள் வாயையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எச்சில் ஊறுவது நின்றது. நாக்கு தோலுரித்த பழம் மாதிரி ஆனது. ரோட்டோரத்தில் மேசை போட்டு இருபது வருஷம் மிளகாய் சாஸ் விற்றவள், ரொட்டிக்குக் கூட சாஸ் தொட்டுக்கொள்ளாமல் சாப்பிட்டறியாதவள், ஒரு சொட்டுக் காரம் பட்டால் துடித்துப்போனாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஹோலிஸ் கலாலு செய்தார். சேம்பிலையும் வெண்டைக்காயும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் குழைய வேகவைத்து, மேலே ஒரு முழு மிளகாயை மிதக்கவிட்டார். அந்த ஊரில் எல்லாரும் செய்வதுதான். மிளகாய் வெடிக்காமல் பார்த்துக்கொண்டு, வெந்ததும் அலுங்காமல் எடுத்துவிட்டால் வாசனை கலாலுவில் தங்கும், காரம் மிளகாயோடு போய்விடும். ஹோலிஸ் அதை முட்டையைத் தூக்குகிற மாதிரி தூக்கி வெளியே வைத்தார். தோலில் ஒரு கீறல் இல்லை. அப்படியும் வெர்னா ஒரு வாய் வைத்துவிட்டு, தட்டைத் தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்குக் காரம் வேணாம் ஹோலிஸ்," என்றாள். "அந்த வாசனைதான் வேணும். அது இல்லாம எதைத் தின்னாலும் ஈரத்தாளைத் தின்ன மாதிரி இருக்கு."

பிமென்டோ என்று ஒரு சின்ன மிளகாய் உண்டு. காரம் பேருக்குத்தான் இருக்கும். அதைப் போட்டுப் பார்த்தார். "இது கீரை," என்று ஒதுக்கிவிட்டாள். அதற்குப் பிறகு வேகவைத்த பூசணி, பால் கஞ்சி, அதுவும் நாலு ஸ்பூன். அறுபத்தொரு கிலோ இருந்தவள் ஒன்றரை வருஷத்தில் நாற்பத்துநாலுக்கு வந்தாள். நாற்பத்திரண்டுக்குக் கீழே இறங்கினால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

"குழாய எடுத்துட்டு எவனாவது பக்கத்துல வரட்டும்," என்றாள் வெர்னா காரில் திரும்பி வரும்போது. "நான் எந்திரிச்சுப் போய்ட்டே இருப்பேன். அதுக்கப்புறம் என்னைத் தேடாத."

அவள் சொன்னால் செய்கிறவள். முப்பத்தாறு வருஷம் அவளோடு வாழ்ந்தவருக்கு அது தெரியாதா?

ஹோலிஸ் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அந்த முதல் ஞாயிறு முடிந்த வாரமே வேலையைத் தொடங்கிவிட்டார். இளவயதில் கோகோ தோட்டம் ஒன்றில் பூக்களுக்கு மகரந்தம் தொட்டு வைக்கும் வேலை பார்த்தவர். கோகோப் பூ பொத்தானில் பாதி இருக்கும். அதோடு ஒப்பிட்டால் மிளகாய்ப் பூ பெரிய சீமாட்டி. விடியற்காலையில், நாளைக்கு விரியப் போகிற பிமென்டோ மொட்டைப் பார்த்து, இடுக்கியால் இதழைப் பிரித்து, மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தேள் மிளகாய்ப் பூவின் தூளை நடுத்தண்டின் நுனியில் தடவினார். தேனீ வந்து கெடுக்காமல் இருக்க வலைத்துணியில் சின்னப் பை தைத்து மாட்டி, காம்பில் சிவப்பு நூல் கட்டினார். பதினெட்டுப் பூ தொட்டதில் ஐந்து காய் பிடித்தது.

அந்த விதையில் வந்த செடிகள் எல்லாமே நெருப்பு. ஊர் இன்னொரு தடவை சிரித்தது. ஹோலிஸ் எதிர்பார்த்ததுதான். பிள்ளையிடம் ஒளிந்துகொள்கிற குணம் பேரப்பிள்ளையிடம் எட்டிப் பார்க்கும் என்பதைக் கோகோ அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. அந்தக் காயின் விதையை எடுத்துப் பழைய பெயின்ட் டப்பாக்களில் நாற்பது செடி வைத்தார். டப்பாவுக்கு டப்பா நம்பர் எழுதினார். ஆனால் செடி அவர் அவசரத்துக்கு வளருமா? அது பூத்துக் காய்த்துப் பழுப்பதற்குள் வெர்னா மாதம் ஒரு கிலோ கரைந்துகொண்டிருந்தாள்.

பழுத்ததும் ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்தார். சில செடிகள் அப்பனைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டன. சில அம்மாவைப் போல வெறும் கீரை. இருபத்துமூன்றாம் நம்பர் செடியின் பழத்தை முகர்ந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். தேளின் அதே வாசனை, பழுத்த மாம்பழமும் புகையும் கலந்த மாதிரி. கடித்தார். காரம் இல்லை. இருந்தும் அவர் அவசரப்படவில்லை. பக்கத்து வீட்டுத் துலாரியைக் கூப்பிட்டுக் கொடுத்தார். வெர்னாவின் சிநேகிதி அவள். கறுக்முறுக்கென்று முழுசாகத் தின்றுவிட்டுச் சொன்னாள்:

"பக்கத்து வீட்டுக்காரரே, இதுல காரம்னு ஒண்ணு இருந்தா என் பேரை மாத்திக்கிறேன். பிள்ளைக்கு ஊட்டலாம்."

ரம் கடைக்குக் கொண்டுபோனார். அங்கேயும் இரண்டு பேர் தின்று பார்த்துவிட்டு, "பால்காரர் ஜெயிச்சுட்டாருப்பா!" என்று மேசையைத் தட்டினார்கள்.

அன்று மத்தியானம் அரைப் பழத்தைப் பூசணியில் மசித்து ஊட்டினார். வெர்னா வாசனையை உள்ளே இழுத்தாள். அவள் முகம் மலர்வதை இரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தார். விழுங்கினாள். எண்ணிப் பதினைந்து வரைக்கும் ஒன்றுமில்லை. தேளின் காரம் அப்படித்தான், பொறுத்து வந்து கொட்டும். பிறகு அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். துப்பியதில் ரத்தம் இருந்தது. பால், தேன், ஐஸ் எது கொடுத்தும் நிற்கவில்லை. கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கத்தக் குரல் இல்லாமல் காற்றாகக் கத்தினாள். ஹோலிஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

நாலு நாள் தண்ணீர் மட்டும் குடித்தாள். அதற்குப் பிறகு துலாரி வந்து ஊட்டினால் வாங்கிக்கொண்டாள். ஹோலிஸ் ஸ்பூனை எடுத்தால் உதட்டை இறுக்கிக்கொண்டாள். கோபம் என்றால்கூடப் பரவாயில்லை. திட்டியிருந்தால் காதாரக் கேட்டிருப்பார். அது பயம். தன் கையைப் பார்த்து அவள் பயப்படுகிறாள் என்பது அவர் நெஞ்சைப் பிளந்தது. எடை நாற்பத்துமூன்று.

துலாரி வேலியோரம் நின்று அழுதாள். "நானும்தானே தின்னேன். சத்தியமா எனக்கு ஒண்ணுமே தெரியல பக்கத்து வீட்டுக்காரரே."

"எனக்கும் தெரியல."

"நம்ம நாக்கெல்லாம் ஒரு நாக்கா? பல்லு முளைக்கிறப்பவே அதை வெந்து போக வச்சுட்டாங்க. செருப்புத் தோல வச்சுப் பூவத் தொட்டுப் பாத்தா மெத்துனு இருக்குறது தெரியுமா? இந்த ஊர் முழுக்கத் தேடினாலும் மிஸ் வெர்னாவுக்கு ருசி பாத்துச் சொல்ல ஒரு நாக்கு கிடைக்காது."

ஹோலிஸ் உள்ளே போய், மேசை மேலிருந்த சாஸ் பாட்டிலை எடுத்து வந்து துலாரியிடம் கொடுத்தார். அடுப்படியில் இருந்த இன்னும் மூன்று பாட்டிலையும் கொடுத்தார்.

"இதெல்லாம் எனக்கு எதுக்கு?"

"என் நாக்கு ஆறணும்," என்றார் ஹோலிஸ். "ஆறுற வரைக்கும் வச்சுக்கோ."

அன்று முதல் வெர்னாவுக்கு என்ன வேகிறதோ அதையே அவரும் சாப்பிட்டார். பூசணி, கஞ்சி, உப்புக்கூடச் சரியாகப் போடாத சேப்பங்கிழங்கு. முதல் வாரம் கை தானாக மேசையைத் துழாவியது. இரண்டாவது வாரம் சாப்பாட்டை நினைத்தாலே அலுப்பாக இருந்தது. அதுவரை அவர் தன் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிடுவதுதான் வழக்கம். அவளுக்கு வாசனை பட்டு ஏக்கம் வரக்கூடாது என்று நினைத்துச் செய்தது. இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். துலாரி அவளுக்கு ஊட்டிவிட்டுப் போவாள். இவர் தன் தட்டைத் தின்று தீர்ப்பார்.

ஒருநாள் வெர்னா கேட்டாள். "உன் பாட்டில் எங்க?"

"குடுத்துட்டேன்."

"எனக்காக விரதமா?"

"விரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன் சாப்பாடு எப்படித்தான் இருக்குன்னு பாக்குறேன்."

"எப்படி இருக்கு?"

ஹோலிஸ் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். "ஈரத்தாள்," என்றார்.

அன்று அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு மேலாக மூன்று வேளையும் இதைத்தான் இவள் தின்றாள் என்று ஹோலிஸுக்கு அப்போதுதான் உறைத்தது. சாப்பிடு டூடூ, இன்னும் ஒரு வாய் டூடூ என்று செல்லப்பேர் சொல்லிக் கொஞ்சிக் கொஞ்சிக் கட்டாயப்படுத்தியதெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

ஏழாவது வாரம் எடை நாற்பத்திரண்டரை. குழாய்க்குத் தேதி கொடுக்கலாமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். ஒரு வாரம் தவணை கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். மறுநாள் துலாரி கொடுத்த சூப்பில் மிளகுத்தூள் பட்டு அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. அழுகையா காரமா என்று துலாரிக்குப் புரியவில்லை. ஹோலிஸ் சூப்பை அப்படியே வைத்துவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினார்.

காரமில்லை என்று முன்பு அவர் குறித்து வைத்த செடிகள் ஒன்பது. ஒரு நாளைக்கு மூன்று என்று, ஊசி முனையளவு கிள்ளி நாக்கில் வைத்து, வாயை ஆறவிட்டு, அடுத்ததைப் பார்த்தார். இருபத்துமூன்றாம் செடியின் துணுக்கு பட்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டார். இதையா அவளுக்கு அரைப் பழம் கொடுத்தேன்? வாய் எரிந்ததைவிட அந்த எண்ணம் எரிந்தது. எழுந்து போய் அந்தச் செடியை வேரோடு பிடுங்கி எறிந்தார். ஒன்பதில் ஏழு எரித்தது. எட்டாவதில் காரமும் இல்லை, வாசனையும் இல்லை. மிச்சமிருந்தது முப்பத்தொன்றாம் நம்பர். சோனிச் செடி. மஞ்சளாக மூன்றே மூன்று பழம். முகர்ந்தால் தேள், நாக்கில் வைத்தால் தண்ணீர். துணுக்கைத் தின்றார், பிறகு கால் பழம், பிறகு அரை. நூறு வரை எண்ணினார். கொட்டவில்லை.

அவளிடம் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை கலாலு செய்து, மிச்சப் பழங்களை நறுக்கியே போட்டார். ஒரு தட்டில் தனக்கு மட்டும் போட்டுக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.

வெர்னாவின் மூக்கு அசைந்தது. தலையைத் திருப்பி அவரையும் தட்டையும் பார்த்தாள். அவர் மூன்று ஸ்பூன் சாப்பிட்டு முடிக்கும் வரை அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வேர்க்கிறதா, மூக்கு உறிஞ்சுகிறாரா என்று பார்க்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது.

"மிளகாயா?"

"ஆமா."

"காரம்?"

"எனக்கு இல்ல," என்றார் ஹோலிஸ். "உனக்கு எப்படின்னு என்னால சொல்ல முடியாது, டூடூ. போன தடவை சொல்லித்தான் உன்னைக் கொன்னுட்டேனே."

அவள் கை நீண்டது. எலும்பும் தோலுமான கை, ஸ்பூனை அவரிடமிருந்து வாங்கி, தட்டின் ஓரத்தில் லேசாகத் தொட்டு, நாக்கின் நுனியில் வைத்தது. வெர்னா கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. எண்ணுகிறாள். ஹோலிஸும் கூடவே எண்ணினார். பத்து. பதினைந்து. இருபது. முப்பது. அவள் மூடிய கண்ணிலிருந்து நீர் இறங்கியது. ஐயோ, பாவி, மறுபடியும் செய்துவிட்டேனே என்று ஹோலிஸ் பாலுக்காக எழுந்தார்.

"உக்காரு," என்றாள் வெர்னா.

உட்கார்ந்தார். அவள் ஒரு ஸ்பூன் நிறைய எடுத்து வாயில் வைத்து, மெல்ல மென்றாள். விழுங்க வெகுநேரம் ஆனது. இன்னொன்று எடுத்தாள்.

"இதுக்கு என்ன பேரு வச்சிருக்க?"

"பேரெல்லாம் இல்ல. முப்பத்தொண்ணாம் நம்பர். உன் பேரை வைக்கலாம்னு..."

"வச்சுப் பாரு!" அவள் ஸ்பூனை அவர் முகத்துக்கு நேரே ஆட்டினாள். "காரமே இல்லாத மிளகாய்க்கு என் பேரா? ரோட்டுல போறவன் வர்றவனெல்லாம் சிரிக்கிறதுக்கா? உன் பேரை வை. பொருத்தமா இருக்கும்."

இரண்டு வருஷமாக அவள் அவரைத் திட்டியதே இல்லை. ஹோலிஸ் குனிந்துகொண்டார். அவளைப் பார்த்தால் அழுதுவிடுவார், அழுதால் அவள் சாப்பிடுவதை நிறுத்திவிடுவாள் என்று பயமாக இருந்தது. ஸ்பூன் தட்டில் படுகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். தட்டு காலியாகிச் சுரண்டுகிற சத்தம் வந்தது.

"சட்டியில இன்னும் இருக்கா?" என்று கேட்டாள் வெர்னா.

ஹோலிஸ் தலையை ஆட்டிவிட்டு, தட்டை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.