யூதாசுக்கு ஒரு கேடயம்

அரியலூர் மாவட்ட நாடக விமர்சகர் சங்கத்துக்குத் தலைவர் அடைக்கலசாமி. செயலாளரும் அவரே. பொருளாளர் பதவி மட்டும் அவர் மனைவி ஜெயராணியிடம் இருந்தது. அந்த அம்மாள் ஒரு நாடகத்தையும் முழுதாக உட்கார்ந்து பார்த்தவள் இல்லை. கேட்டால், "வூட்லயே தெனமும் ஒண்ணு ஓடுதே, அது பத்தாதா?" என்பாள்.

சங்கம் எப்போதும் இத்தனை மெலிந்து கிடக்கவில்லை. பெரம்பலூரும் அரியலூரும் ஒரே மாவட்டமாக இருந்தபோது பெரம்பலூர் முத்துசாமி தலைவர், இவர் செயலாளர், கைதட்டுவதற்குக் கொஞ்சம் உறுப்பினர்கள் என்று ஜோராகத்தான் நடந்தது. மாவட்டத்தைப் பிரித்தார்கள், சங்கமும் பிரிந்தது. மாவட்டத்தைச் சேர்த்தார்கள், சங்கமும் சேர்ந்தது. திரும்பவும் பிரித்தபோது உறுப்பினர்கள் அலுத்துப்போய் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். மிஞ்சியது இரண்டு தலைவர்கள். அதிலிருந்து இருவரும் போட்டி போட்டுக்கொண்டு விருது கொடுத்துவந்தார்கள். நன்றாக நடிக்கிற ஆள் ஒருவன் கண்ணில் பட்டால், அவன் கையில் யார் முதலில் கேடயத்தைத் திணிப்பது என்பதுதான் போட்டி.

அடைக்கலசாமிக்குத் தன்னைப் பற்றித் தெரியாமல் இல்லை. வேலை பார்த்த காலமெல்லாம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த பஸ் தாமதம், எந்த டிரைவர் சோம்பேறி என்று எழுதிப் பழகிய கை ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மறுத்தது. அன்றைக்கு பஸ் ஓட்டத் தெரியாமல் பஸ்ஸைக் குறை சொன்னேன், இன்றைக்கு நடிக்கத் தெரியாமல் நடிப்பைக் குறை சொல்கிறேன், வேலை மாறவே இல்லை என்று தனக்குள் சிரித்துக்கொள்வார். ஆனாலும் முன்வரிசை நாற்காலியையும், தோளில் விழும் துண்டையும், மைக்கில் தன் பெயருக்கு முன்னால் வரும் 'கலை நோக்கர்' பட்டத்தையும் விட மனசு வரவில்லை.

போன வருஷம் பெரிய வெள்ளியன்று சம்மனசுபுரத்துக்குப் பாஸ்கா நாடகம் பார்க்கப் போனார். வரதராசன்பேட்டைக்கு அந்தப் பக்கம், முந்திரிக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கிற ஊர். ஆண்டவருடைய பாடுகளை வருஷா வருஷம் சாயங்கால வேளையில் கோயில் மைதானத்தில் நடிப்பார்கள். இயேசுவாகக் கொத்தனார் அமல்தாஸ். யூதாசாக முந்திரிக்கொட்டை வியாபாரி அருள் பிரகாஷ்.

வழக்கமாக இரண்டாவது காட்சியில் அடைக்கலசாமிக்குக் கண் சொக்கும். அன்றைக்குச் சொக்கவில்லை. யூதாஸ் முத்தமிட்டுக் காட்டிக்கொடுக்கப் போகும்போது அண்ணனுடைய கையைப் பிடிக்கிற தம்பி மாதிரி இயேசுவின் முழங்கையைப் பிடித்தான். பிடித்தவன் விட மனமில்லாமல் நின்றான். எல்லாரும் போன பிறகு தனியாக நின்று, அதற்கு வாங்கின வெள்ளிக்காசோடு இடுப்பில் தொங்கிய சுருக்குப்பையின் கயிற்றை இறுக்குவதும் தளர்த்துவதுமாக இருந்தான். முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் மண்ணை வாரி அவன்மேல் வீசினார்கள். அடைக்கலசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

பக்கத்து நாற்காலியில் பெரம்பலூர் முத்துசாமி கைபேசியில் யாரிடமோ குசுகுசுத்தார். "திங்கக்கெழமையே விழா வெச்சுடலாம்பா. ஆமா, யூதாசுக்குத்தான்."

அவ்வளவுதான். அடைக்கலசாமி எழுந்து மேடைக்குப் பின்னால் போனார். முகத்துச் சாயத்தை எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்த அருள் பிரகாஷைக் கட்டிப் பிடித்தார்.

"தம்பி, ஞாயித்துக்கெழமை காலைல அரியலூர்ல உங்களுக்கு விருது. நானே கார் அனுப்புறேன்."

"ஞாயித்துக்கெழமையா? அன்னிக்கு உயிர்ப்பு ஞாயிறுங்க சார்."

"அதனாலதான் ஹால் சும்மா கெடக்குது. பூசை சனிக்கெழமை ராத்திரியே முடிஞ்சிடுதுல்ல?"

"முடிஞ்சிடும் சார். ஆனா காலைல வூட்ல ஒரு சாப்பாடு இருக்கு..."

"சாப்பாடுதானே? அங்க கேசரி போடச் சொல்லிடுறேன்!"

அருள் பிரகாஷ் மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். பெரியவர், கண்ணாடியைக் கழற்றி அழுதவர், அவர் மனசை நோகடிக்க அவனுக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டான்.

விழா நன்றாக நடந்ததாக அடைக்கலசாமி வாட்ஸ்அப்பில் எழுதினார். கூட்டத்தில் இருந்தவர்கள் ஜெயராணி, மைக்செட்காரர், ஹால் வாட்ச்மேன், வாட்ச்மேனைப் பார்க்க வந்த அவர் மச்சான். யூதாசின் உள்ளத்தைப் பற்றி அடைக்கலசாமி நெடுநேரம் பேசினார். அருள் பிரகாஷ் அடிக்கடி வாசலைப் பார்த்தான். கலைஞனுக்குரிய கூச்சம் என்று அதையும் பேச்சில் சேர்த்துக்கொண்டார். 'சிறந்த யூதாஸ்' என்று பொன்னெழுத்தில் பொறித்த கேடயத்தைக் கொடுத்துப் படம் பிடித்து, அந்தப் படத்தை முதல் வேலையாக முத்துசாமிக்கு அனுப்பினார்.

மே மாதத்தில் அந்தப் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு சம்மனசுபுரம் போனார். பாராட்டின ஆளிடம் இன்னொரு முறை நன்றி வாங்கிக்கொள்ளும் ஆசைதான், வேறென்ன. கொட்டை சீசன் உச்சத்தில் இருந்தது. பழத்தின் புளிப்பு வாடை ஊரெல்லாம் அடித்தது. மூட்டை ஏற்றின டி.வி.எஸ். வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக அருள் பிரகாஷ் வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றும் நிற்கவில்லை. வாசலில் எடை மிஷின் பக்கத்தில் அவன் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். மிஷின் ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு அடியில் கேடயத்தை முட்டுக்கொடுத்திருந்தான்.

"என்னப்பா, யாவாரம் இல்லையா?"

"இருக்குதுங்க சார். பக்கத்து ஊரு யாவாரிகிட்ட இருக்கு."

அதற்குள் ஒரு வண்டியில் மூட்டைமேல் உட்கார்ந்து போன கொல்லைக்காரி செபஸ்தியம்மாள், "டேய் யூதாசு, இன்னிக்கு யாரைடா வித்த?" என்று கத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். அருள் பிரகாஷும் சிரிக்கத்தான் பார்த்தான். முடியவில்லை.

விஷயத்தைச் சொன்னவர் அமல்தாஸ். எதிர்த்த வீட்டில் சுவருக்குப் பூசிக்கொண்டிருந்தவர், கரண்டியைக் கழுவிவிட்டு வந்தார்.

"சார், எங்க ஊர்ல ஒரு வழக்கம். உயிர்ப்பு அன்னிக்குக் காலைல இயேசுவா நடிச்சவன் யூதாசா நடிச்சவன் வூட்டுக்குப் போயி ஊரு பாக்க ஒக்காந்து சாப்பிடணும். மொத வாயை அவனுக்கு ஊட்டணும். அதோட பழி தீந்துடும், அவன் பழையபடி அருளு ஆயிடுவான். நான் குளிச்சு வேட்டி கட்டிக்கிட்டு வந்தா ஆளக் காணோம். பூட்டுதான் தொங்குது. கேட்டா, விருது வாங்கப் போயிட்டான்னாங்க."

அடைக்கலசாமி படம் இருந்த பையை இறுக்கிக்கொண்டார். "அதுக்காக?"

"மொதல்ல வெளையாட்டாத்தான் யூதாசுன்னு கூப்பிட்டாங்க. அப்புறம் எடை போடுறப்பவும் கூப்பிட்டாங்க. தராசுகிட்ட நிக்கிறவனுக்கு அந்தப் பேரு வந்தா என்னாவும்? ஒருத்தரும் அவனைத் திருடன்னு சொல்லலை சார். ஆனா மூட்டை மட்டும் அடுத்த ஊருக்குப் போவுது."

"இப்ப சாப்பிடுங்களேன்! இப்பவே! நான் வாங்கிட்டு வர்றேன்."

அமல்தாஸ் பாவமாகப் பார்த்தார். "நான் எப்ப வேணா சாப்பிடுவேன் சார். ஆனா அந்த ஞாயிறு தாண்டிட்டா நான் வெறும் கொத்தனாரு. இனிமே அடுத்த தவக்காலம் தொடங்குற விபூதி புதன் அன்னிக்குத்தான் அடுத்த யூதாஸ் யாருன்னு சீட்டு போடுவாங்க. அந்தச் சுருக்குப்பை அவன் வூட்டுக்குப் போவும், பேரும் கூடவே போவும். அதுவரைக்கும் இவன்தான்."

அடுத்த விபூதி புதனுக்குள் இந்த சீசனும் முடிந்துவிடும், அருள் பிரகாஷின் வருஷ வரும்படியும் முடிந்துவிடும். அடைக்கலசாமி சட்டம் போட்ட படத்தைப் பைக்குள்ளேயே வைத்து ஊர் திரும்பினார்.

வீட்டில் ஜெயராணி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "ஏங்க, அந்தப் புள்ள சாப்பாடு இருக்குன்னு சொன்னானே, என்ன சாப்பாடுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேசரி இருக்குன்னேன்."

"கேசரியும் தீஞ்சுதான் இருந்துச்சு."

அன்றைக்குச் செய்ததை எழுத்தால் சரி செய்யலாமா என்று பார்த்தார். 'அருள் பிரகாஷ் யூதாஸ் அல்ல' என்று தலைப்புப் போட்டு ஒரு கட்டுரை எழுதி வாட்ஸ்அப்பில் விட்டார். அதைப் படித்த பிறகுதான் அவனுக்கு யூதாஸ் என்ற பெயர் இருப்பது தெரியாமலிருந்த ஊர்களுக்கும் விஷயம் பரவியது. ஒருவனைப் புகழ்ந்தும் கெடுக்கிறேன், காப்பாற்றப் போயும் கெடுக்கிறேன், இந்தத் திறமைக்கு யாராவது எனக்கல்லவா கேடயம் தர வேண்டும் என்று நொந்துகொண்டார்.

ஏலாக்குறிச்சிக் கோயிலுக்குப் போய் அடைக்கல மாதா முன்னால் முழங்காலில் நின்றார். அவருக்குப் பெயர் வைத்ததே அந்த மாதாவை நினைத்துத்தான். அம்மா, அந்தப் பையன்மேல் இருக்கிற பெயரை எடுத்துவிடு என்று வேண்டினார். எடுத்து எங்கே வைப்பது என்று மனசுக்குள் ஒரு கேள்வி வந்தது. பெயர் என்றால் காற்றில் நிற்காது, யார் மேலாவதுதான் உட்கார வேண்டும். அடைக்கலசாமி சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த நேரத்தில் கோயிலில் வேறு ஆள் இல்லை.

அடுத்த ஞாயிறு சம்மனசுபுரத்துப் பூசை முடிந்ததும், பங்குச் சாமியாரிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு கோயில் வாசலில் நின்று பேசினார். வாழ்க்கையிலேயே சுருக்கமாகப் பேசியது அன்றுதான்.

"அடுத்த வருஷம் யூதாசா நான் நடிக்கிறேன். சீட்டு வேணாம். பையை இன்னிக்கே எங்கிட்ட குடுத்துடுங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. செபஸ்தியம்மாள் முன்னால் வந்தாள். "நீங்களா? நாடகத்துக்கு வந்தா கொறட்டை விடுவீங்களே சார்!"

"யூதாஸ் கொறட்டை விட்டா கெட்டவன் இல்லன்னு ஆயிடுமா ஆத்தா?"

"இந்த ஊர்ல யூதாசா இருக்கறேன்னு யாரும் வாய்விட்டுக் கேட்டதே இல்லீங்களே" என்றார் அமல்தாஸ், பாதி தனக்குத்தானே.

ஊர்ப் பெரியவர்கள் சாமியாரைப் பார்த்தார்கள். சாமியார், "கேக்குறவருக்குக் குடுக்கறதுல என்ன?" என்றார். அருள் பிரகாஷ் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சுருக்குப்பையைக் கொண்டுவந்தான். கொடுக்கப் போனவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "வேணாம் சார், ஒங்க வயசுக்கு..." என்றான். "எங்கிட்ட வேணாம்னு சொல்ல இப்பத்தான் ஒனக்கு வாய் வருதா?" என்று அடைக்கலசாமி அதைப் பிடுங்கி, ஊர் பார்க்கத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். தொப்பையைச் சுற்றிக் கயிறு எட்டவில்லை. செபஸ்தியம்மாள்தான் தன் பையிலிருந்து சணல் எடுத்து நீட்டி முடிச்சுப் போட்டுவிட்டாள்.

முடிச்சுப் போட்டுக்கொண்டே அவள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "அருளு, நாளைக்குக் காலைல மிஷினைத் தூக்கிக்கிட்டுக் கொல்லைக்கு வந்துடு. பத்து மூட்டை கெடக்கு."

அவன் "சரி அத்தை" என்றான். அப்புறம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அடைக்கலசாமியின் பாடு அன்று தொடங்கியது. டவுன் பஸ் கண்டக்டர், "யூதாசுக்கு ஒரு டிக்கெட்டா?" என்றார். காய்கறிக்காரர் சில்லறையை இரண்டு தடவை சரிபார்த்தார். முத்துசாமி பெரம்பலூரிலிருந்து போன் போட்டு, "விமர்சகன் மேடையேற சங்க விதியில எடமில்லையேய்யா" என்றார். "எந்த சங்கத்து விதி?" என்று கேட்டார் இவர். முத்துசாமி போனை வைத்துவிட்டார். இத்தனை பேரும் சிரிக்கும்போது, அந்தப் பையன் இதையெல்லாம் தனியாகத் தாங்கினானே என்று நெஞ்சு உறுத்தும். உடனே அந்தப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

இந்த வருஷம் பெரிய வெள்ளி வந்தது. முன்வரிசையில் முத்துசாமி. யூதாஸ் காலத்தில் மூக்குக்கண்ணாடி கிடையாது என்று அதைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். கண்ணாடி இல்லாத அடைக்கலசாமிக்கு மேடையில் இருந்தவர்கள் எல்லாரும் தாடி வைத்த வெள்ளைத் துணிகளாகத் தெரிந்தார்கள். ஒத்திகை பார்த்தபடி நடந்து, கையை நீட்டி, உருக்கமாக முத்தமிட்டார். முத்தம் வாங்கியது இயேசு அல்ல, பக்கத்தில் நின்ற சீடர் பேதுரு. படைவீரர்கள் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் ஈட்டியோடு நின்றார்கள். அப்போது யாரோ அவர் முழங்கையை மெல்லப் பிடித்தார்கள்.

"சார், நான் இங்க இருக்கேன்" என்றார் அமல்தாஸ், மைக்கில் விழாத குரலில்.

மைதானமே சிரித்தது. மண்ணை அள்ளி வைத்திருந்த பெண்கள் அதைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அப்படி ஒரு யூதாசை இரண்டு மாவட்டத்திலும் யாரும் பார்த்ததில்லை என்று முத்துசாமி அன்றைக்கே எழுதிவிட்டார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள வழியே இல்லாதபடி கவனமாக எழுதியிருந்தார்.

உயிர்ப்பு ஞாயிறு காலையில் அரியலூரில் அவர் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. சம்மனசுபுரம் பாதி இறங்கியது. அமல்தாஸ் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். அருள் பிரகாஷ் ஒரு பை வறுத்த முந்திரியைப் பொருளாளர் ஜெயராணி கையில் கொடுத்தான். முத்துசாமியும் பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி வந்து, அழைக்காமலே பந்தியில் உட்கார்ந்திருந்தார்.

"கேடயம் கொண்டாந்தீரா?" என்று கேட்டார் அடைக்கலசாமி.

"ஒமக்கா? பேதுருவுக்கு வேணா குடுக்கலாம், அந்தாளு அசையாம நின்னான்" என்றார் முத்துசாமி. "சரி சரி, எலையைப் போடச் சொல்லும். பசிக்குது."

ஜெயராணி இட்லி வைத்தாள். அமல்தாஸ் ஒரு துண்டு பிட்டு, சாம்பாரில் தோய்த்து, எல்லாரும் பார்க்க அடைக்கலசாமியின் வாய்க்கு நேராக நீட்டினார். வாயில் வாங்கிக்கொண்டதும் பழைய வழக்கத்தில் நாக்கு ருசி பார்த்தது. சாம்பாரில் உப்பு கொஞ்சம் குறைவு. சொல்லலாம் என்று நிமிர்ந்தார். எதிரே அருள் பிரகாஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

வாய் நிறைய இட்லி இருந்தது. அடைக்கலசாமி மென்று விழுங்கிவிட்டு, இன்னொரு வாய்க்கு வாயைத் திறந்தார்.