தாராதிப் முனையில் இடப்பக்கம்

வண்டி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் ஜின்தனா ஊதுபத்தியை உயர்த்திப் பிடித்து, பின்னால் கிடத்தியிருந்த அப்பாவுக்கு வழி சொன்னாள். "அப்பா, பெரிய மால்கிட்ட இடப்பக்கம் திரும்பறோம். கூடவே வாங்க."

"எந்த மாலு?" என்றாள் லம்யை அத்தை. "என் தம்பிக்கு மாலும் கீலும் என்னடி தெரியும்? முழிச்சிட்டு நிக்கப்போறான்."

இறந்தவரின் உயிர் உடலுக்குப் பின்னால்தான் வரும். ஒவ்வொரு திருப்பத்திலும் பாலத்திலும் சொல்லிக்கொண்டே போகாவிட்டால் வழியிலேயே தங்கிவிடும். ஜின்தனாவுக்கு இது வெறும் சடங்கில்லை. ஞாபகம் தப்ப ஆரம்பித்த பிறகு அப்பா அடிக்கடி தொலைந்துபோனார். தேடிப்போனால் ஏதாவதொரு முனையில், எப்போதோ இடித்துவிட்ட தியேட்டரைத் தேடிக்கொண்டு நிற்பார். இன்றைக்கும் தொலைந்துவிடக் கூடாது.

அந்தக் காலத்தில் தியேட்டர் கட்டுகிறவர்கள் முனை மனையாகப் பார்த்துத்தான் வாங்கினார்கள். இரண்டு சாலையிலிருந்தும் பேனர் தெரிய வேண்டுமே. பஸ் கண்டக்டருக்கும் காதலர்களுக்கும் அதுவே அடையாளமாகிவிட்டது. அப்பாவின் பாங்காக் அந்த முனைகளால் ஆனது.

"இங்க என்ன இருந்துச்சு அத்தை?"

"தாராதிப் தியேட்டர். ஆபீஸுக்கு மட்டம் போட்டுட்டு உங்கப்பன் இங்கதான் கிடப்பான்."

"அப்பா, தாராதிப் முனை. இடப்பக்கம்."

டிரைவர் வேகத்தைக் குறைத்தார். "அடுத்தது சுக்வான் தியேட்டர், அக்கா. நேரா போகணும். எங்கம்மாவ எங்கப்பா பார்த்ததே அங்கதான்."

"படம் பார்த்தாரா இல்லையா?" என்றாள் அத்தை.

ஆற்றுப் பாலத்துக்கு மட்டும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வடக்கே லாம்பாங்கில் இருந்தபோதே வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் அந்தப் பாலத்தைப் பற்றிப் படித்தவர் அப்பா. கதாநாயகி சாய்ந்து நின்ற விளக்குக் கம்பம் இதுதான் என்று ஒன்றைக் காட்டுவார்.

"பாலம் ஏறுறோம்பா. அவ நின்னாளே, அந்தப் பாலம்."

"அவளப் பார்த்தா இங்கயே நின்னுடுவான்டி."

ஜின்தனா சற்று யோசித்தாள். "அவளையும் கூட்டிட்டு வாங்கப்பா."

அத்தை கையால் வாயைப் பொத்திக்கொண்டாலும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது.

விகாரையில் வண்டி நின்றதும், "வந்துட்டோம்பா, இறங்குங்க" என்றாள்.

பிக்குகளின் மாலை ஓதலுக்கு முன் உடை மாற்ற ஜின்தனா வீட்டுக்கு வந்தாள். உள்ளே நுழைந்ததும், அப்பா வெளியே போய்விடாமலிருக்கக் கதவின் உச்சியில் அடித்திருந்த கொக்கியைப் போடக் கை தானாக உயர்ந்தது. பாதியில் இறக்கிக்கொண்டாள். காற்று வரட்டும் என்று கதவைத் திறந்தே விட்டுவிட்டுக் குளிக்கப் போனாள்.