மாப்பிள்ளைக்காக ஒரு ரெசிஸ்டர்

மேலாளர் தேநீரை ஊதி ஊதித்தான் குடிப்பார். நாக்கு சுட்டுவிடக் கூடாது. காரின் பின்சீட்டில் உட்கார்ந்தாலும் பெல்ட் போட்டுக்கொள்வார். தன் உடம்பை அப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்தவர் அவர். ஆலையின் மின்பொறியாளர் எதிரே நின்று அந்த ஊதலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரையும் உட்காரச் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

"அந்த ரெசிஸ்டரை வாங்கிடும்மா. இன்னிக்கே ஆர்டர் போடு."

அவளால் தன் காதையே நம்ப முடியவில்லை.

டிரான்ஸ்பார்மரின் நியூட்ரலுக்கும் பூமிக்கும் நடுவே மின்தடைப் பெட்டியாக நின்ற அந்த ரெசிஸ்டர் போன கோடையில் எரிந்துபோனது. பார்த்தால் ஆண்டு முழுவதும் வெட்டியாக நிற்பதுபோலத் தோன்றும். எங்காவது ஒரு கேபிள் பழுதாகி மின்சாரம் பூமிக்குப் பாயும் கணத்தில்தான் அதற்கு வேலை. வெறிகொண்டு ஓடும் மின்னோட்டத்தைக் கடிவாளம் போட்டு இழுத்துப் பிடிக்கும். அரவை மோட்டார் பெரிய சேதமில்லாமல் நின்றுவிடும். கடிவாளம் இல்லையென்றால் மோட்டாரின் இணைப்புப் பெட்டியே வெடித்து, பக்கத்தில் நிற்பவன் முகத்தில் தீயை அறையும்.

இதையெல்லாம் அவள் அப்போதே சொன்னாள்.

"சும்மா நிக்கிற பொட்டிக்கு இவ்வளவு செலவா? ஒரு செம்புப் பட்டையப் போட்டு நேரா எர்த்துல சேத்துடு. தற்காலிகமாத்தானே" என்றார் அவர்.

தற்காலிகத்துக்கு வயது ஏறிக்கொண்டே போனது. உள்ளே கரிக்கட்டையாகிக் கிடந்த ரெசிஸ்டரின் மேல்மூடிக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்தார்கள், பிணத்துக்குப் பவுடர் பூசுவதுபோல.

"இப்ப திடீர்னு என்ன சார்?"

"என் மாப்பிள்ளை நாளைலேருந்து அரவைப் பிரிவுல சூப்பர்வைசர். அந்த மோட்டார் பக்கத்துலயே நிக்கணுமே! விஷயம் தெரிஞ்சு எம்பொண்ணு அழுவுறா."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்தக் காய்ச்சல் மகள் வீட்டுக்கும் வரக்கூடும் என்றதுமே இவருக்கு நெற்றி சுட்டுவிட்டது.

"ரெசிஸ்டர் வந்து சேர நாளாகும் சார்."

"அதுவரைக்கும் மாப்பிள்ளை என் ரூம்லயே உக்காரட்டும்."

"மத்தவங்க?"

"அவங்க பழகினவங்கம்மா."

பழகினவர்களாம்! தீயோடு யார் பழகியிருக்கிறார்கள்? மனசுக்குள் அவர் முகத்தில் காறித் துப்பிவிட்டு வெளியே வந்தாள். துப்பியதில் ஒரு சுகமும் இருந்தது. நான் இவரைப்போல இல்லை என்கிற சுகம்.

அரவைப் பிரிவு வாசலில் ஃபிட்டர் பீடி புகைத்துக்கொண்டிருந்தான். ஒல்லியான நெட்டை உடம்பு. எல்லோருக்கும் அவன் 'ஒட்டடைக்குச்சி'.

"என்ன மேடம், அதிசயமா இருக்கு? பட்டை போட்டதுலேருந்து நீங்க இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கலையே! பாம்பு கீம்பு இருக்குன்னு யாராவது சொன்னாங்களா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. உண்மைதான். மோட்டாரைக் கடந்து போகாமல் கிடங்கைச் சுற்றிக்கொண்டுதான் இத்தனை மாதமும் நடந்திருக்கிறாள். ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளாமல் சாமர்த்தியமாக இருந்திருக்கிறாள். மேலாளர் மாப்பிள்ளையைக் காப்பாற்றினார். அவள் தன்னைக் காப்பாற்றிக்கொண்டாள். அவருக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்? சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது என்று அவள் கைகழுவியது மட்டும்தான்.

"எல்லாரையும் வெளிய வரச் சொல்லுப்பா" என்றாள். நேராக மின்னறைக்குப் போய் அரவைப் பிரிவின் இணைப்பைத் துண்டித்தாள். இயந்திரங்கள் முனகி அடங்கின.

மேலாளர் மூச்சிரைக்க வந்து நின்றார். "யாரைக் கேட்டு நிறுத்தின? வேலை வேணுமா வேணாமா உனக்கு?"

"போனா போகட்டும் சார். ரெசிஸ்டர் மாட்டாம இது ஓடாது." வெளியே வந்து நின்ற ஆட்களைக் கைகாட்டினாள். "இங்க நிக்கிற ஒவ்வொருத்தனும் ஏதோ ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளைதான். நம்ம வீட்டு உயிருக்கு வாங்கித் தர்ற பாதுகாப்பை அடுத்த வீட்டு உயிருக்கு மிச்சம் பிடிக்கிறது சிக்கனம் இல்ல சார், கொலை. அதைத் தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருக்கிறவங்க கூட்டுக் கொலைகாரங்க. இத்தனை நாளும் நான் அப்படித்தான் இருந்தேன். இனிமே அதுக்கு நீங்க வேற ஆளைத்தான் தேடணும்."