வெள்ளிக்கிழமை அரிக்காத ஆறு

கிளிவெட்டிப் பக்கத்து ஆற்றின் அடித்தளம் இனி எப்படி மாறும் என்று கணிக்க நான் ஒரு கணித மாதிரி செய்தேன். இறுதியாண்டு ஆய்வு. தேறினால் பட்டம். தேறாவிட்டால் இன்னொரு வருடம் அதே கன்ரீன் ரொட்டி.

நீரின் வேகம், மணலின் பருமன், ஆற்றின் சரிவு என்று மாதிரி கேட்டதையெல்லாம் கொடுத்தேன். வருடத்துக்கு இரண்டங்குலம் மணல் படியும் என்றது. தோணியில் போய்த் தடி விட்டுப் பார்த்தேன். மூன்றே மாதத்தில் அடித்தளம் நாலடி கீழே போயிருந்தது.

"தடியைத் தலைகீழாப் பிடிச்சனீரோ, சுகிர்தன்?" என்றார் மேற்பார்வையாளர் கீர்த்தனி மிஸ்.

தடியை மாற்றினேன். ஆறு மாறவில்லை. ஆழம் தினமும் கூடியது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அப்படியே நின்றது. நான் படித்த நீரியல் புத்தகம் எதிலும் இவ்வளவு பக்தியுள்ள ஆறு இல்லை.

தோணிக்காரர் அபூதாஹிர் நானாவிடம் கேட்டேன். கரையில் வரிசையாக நின்று இழுவைப் பெட்டிகளில் மண் ஏற்றிய உழவு இயந்திரங்களைத் தாடையால் காட்டினார்.

"வெள்ளிக்கிழமை எங்கட ஆக்கள் ஜும்ஆக்குப் போயிருவாங்க. உங்கட ஆக்கள் கோயிலுக்கு. பிறகு ஆர் தம்பி மண் அள்ளுற?"

மூன்று மாதமும் நான் தடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சமன்பாட்டில் புதிதாக ஓர் உறுப்புச் சேர்த்தேன்: உழவு இயந்திரம். நாளொன்றுக்கு நாற்பது பெட்டி மண், வெள்ளி பூச்சியம். மாதிரியும் ஆறும் அங்குலம் பிசகாமல் பொருந்தின.

வாய்மொழிப் பரீட்சைக்கு வெளியிலிருந்து வந்த பரீட்சகர் பொறியியலாளர் கனகரத்தினம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"அங்க மண் அள்ள ஒருத்தருக்கும் பெர்மிட் இல்லையே. பெர்மிட் இல்லாததை எப்பிடி ஐசே சமன்பாட்டில போடுவீர்?"

"ஆத்துக்கு அது தெரியாது, சேர்."

கீர்த்தனி மிஸ் பலமாக இருமினார்.

"அப்ப இவ்வளவு மண்ணும் எங்க போனது? ஒரு பெட்டியெண்டாலும் போன இடத்தைக் காட்டும், பாஸ் பண்ணிவிடுறன். இல்லாட்டி அடுத்த வருசம் பாப்பம்."

இந்தக் கேள்வி வருமென்று தெரிந்துதான் ஒரு பெட்டியின் பின்னால் மோட்டார் சைக்கிளில் போய்ப் படம் எடுத்து வைத்திருந்தேன். திரையில் போட்டேன். நகரத்து ஓர்ஸ் ஹில் பகுதி. பாதி கட்டிய மேல்மாடி. வாசலில் மணற்குவியல். கேற்றில் பெயர்ப்பலகை: பொறியியலாளர் க. கனகரத்தினம்.

கனகரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"படம் தெளிவில்லை," என்றார்.

"பெருப்பிச்சுக் காட்டட்டோ, சேர்?"

"வேண்டாம், வேண்டாம். பாஸ். ஒரேயொரு திருத்தம். படத்தை எடுத்துவிடும்."

எடுத்துவிட்டேன். பட்டம் உறுதியானது.

அடுத்த திங்கட்கிழமை ஆற்றுக்குப் போனேன். அபூதாஹிர் நானா கரையிலிருந்து எண்ணிச் சொன்னார்: முப்பத்தொன்பது பெட்டி, ஓர்ஸ் ஹில் பெட்டி வரவில்லை. என் மாதிரியில் ஒரு பெட்டி பிழை.