கழற்றாமல் விட்ட ஒயர்

ஐஸ் பெட்டியின் ஒயர் இரண்டடி எட்டவில்லை. பெட்டியைக் கொண்டுவந்த ஆள் கூடத்தின் மூன்று சுவர்களையும் பார்த்துவிட்டு, "எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று பொதுவாகக் கேட்டார். எல்லோரும் சரவணக்குமாரைத்தான் பார்த்தார்கள். ஒயர், பிளக், கம்ப்யூட்டர் என்று எது வந்தாலும் அந்த வீட்டில் இரண்டு பேரைத்தான் பார்ப்பார்கள். அதில் ஒருவர் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

அண்ணன் ராஜவேலின் மேஜைக்கு அடியிலிருந்து பாக்ஸை எடுத்தான். அதன் மேல் அவர் கையெழுத்தில் ஒரு டேப் ஒட்டியிருந்தது: 'இதில் மிக்ஸி போடக் கூடாது.' எதையும் இப்படி எழுதி ஒட்டாமல் விட மாட்டார். சரவணக்குமார் பிளக்கைச் சொருகினான். பெட்டி ஒரு உதறு உதறி ஓடத் தொடங்கியது.

தலைமாட்டில் அண்ணன் மனைவி சாரதாமணி சுவரில் சாய்ந்திருந்தாள். அவளுடைய அண்ணன் ஆறுச்சாமி, காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருப்பவர், விடிவதற்குள் வந்துவிட்டார். அவர் சரவணக்குமாரைப் பக்கத்து நாற்காலிக்குக் கூப்பிட்டார்.

"ஏனப்பா மாப்ள, கம்பெனில மொத்தத்தையும் உங்கண்ணன் அழிச்சுப் போட்டாராம்ல? அந்த ரோசனைல தான் நெஞ்சு வலி வந்துருச்சுங்கறாங்க."

"கரண்டு போயிருச்சுங்க மாமா."

"எங்க மில்லுல தெனம் நாலு தடவ போகுது. எண்ணெயெல்லாம் திரும்பத் தேங்காயாவா ஆகிப்போகுது?"

பக்கத்தில் ஒருவர் சிரித்துவிட்டுப் பெட்டியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். சரவணக்குமார் எழுந்து, டீ கொண்டுவரப் போகிறவன் போல வெளியே போனான்.

அருள்புரத்தில் அந்தப் பனியன் கம்பெனியின் கம்ப்யூட்டர்களை அண்ணனும் தம்பியும்தான் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொண்டார்கள். போன வாரம் புதிதாக எட்டு சர்வர்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பென்டிரைவ் சொருகிக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டு நாள் ஓடிவிடும். அதனால் நெட்வொர்க் ஒயர் வழியாகவே சிஸ்டத்தை ஏற்றுவது அவர்கள் வழக்கம். அப்படி ஏற்ற வைத்திருக்கும் மெஷின், ஆன் ஆனதும் தன் டிஸ்கைப் பார்க்காது. ஒயரில் யாராவது இருக்கிறீர்களா என்று ஒரு குரல் கொடுக்கும். அதே ஒயரில் மாட்டியிருக்கும் லேப்டாப் பதில் சொல்லும். இருப்பதைத் துடைத்துவிட்டுப் புது சிஸ்டத்தை அனுப்பி வைக்கும். 'அழிக்கலாமா?' என்று நடுவில் ஒரு கேள்வி வரும். எட்டு தடவை எதற்குத் தட்ட வேண்டும் என்று அதைச் சரவணக்குமார் எடுத்துவிட்டான்.

"லேப்டாப்புக்குப் புதுசு பழசு தெரியாது. எது கேட்டாலும் குடுத்துரும்" என்பார் ராஜவேல். வேலை முடிந்தால் முதலில் ஒயரைக் கழற்ற வேண்டும், அப்புறம்தான் செருப்பு மாட்ட வேண்டும். அது அவர் வைத்த சட்டம்.

சனிக்கிழமை சாயங்காலம் குன்னத்தூரில் சிநேகிதனுக்குக் கல்யாண வரவேற்பு. எட்டாவது மெஷின் முடிந்ததும் சரவணக்குமார் செருப்பை மாட்டினான்.

அவன் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது அருள்புரத்தில் கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி தாங்கவில்லை. ஜெனரேட்டர் ஓடியதும் பழைய சர்வர்கள் ஐந்தும் ஒன்றாக எழுந்து ஒயரில் குரல் கொடுத்தன. சொந்த பேட்டரியில் விழித்திருந்த லேப்டாப் ஐந்துக்கும் பதில் சொன்னது. ஆர்டர்கள், அளவு சார்ட்டுகள், ஆட்களின் மூன்று வருட வருகைப் பதிவு எல்லாம் போயின. பேக்கப் வைத்திருந்த மெஷினும் அந்த ஐந்தில் ஒன்று. அரை மணி நேரத்தில் எல்லாம் கடையிலிருந்து வந்தது போலப் புதிதாகிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை காலை முதலில் பார்த்தவர் ராஜவேல். தம்பி ஓடி வந்தபோது அவர் ஒயரைக் கழற்றிச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். திட்டவில்லை.

"பழசெல்லாம் ஒயர்ல மொதல்ல கேக்கற மாதிரி வெச்சு உட்டது நான்தான. மாத்தறேன் மாத்தறேன்னு ரெண்டு வருசம் போச்சு. கதவத் தொறந்து வெச்சது நானு. நீ பேசாம இரு."

முதலாளியிடமும் அப்படியே சொன்னார், தம்பியின் பெயரை விட்டுவிட்டு. அதற்குப் பிறகு நான்கு நாள் பழைய ஹார்ட் டிஸ்குகளைக் கிளறிக் கிடைத்ததையெல்லாம் ஏற்றிக்கொண்டிருந்தார். புதன்கிழமை மத்தியானம் ஐந்தாவது மெஷினுக்கு முன்னால் குனிந்தவர் நிமிரவில்லை.

அண்ணன் சொன்ன அந்தக் கதவைத்தான் நேற்றிலிருந்து சரவணக்குமார் பிடித்துக்கொண்டிருந்தான். தப்பில் பாதி அவருடையது, பாதி தன்னுடையது. ஆனால் பேச்சில் பாதி இல்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் முழுவதையும் பெட்டிக்குள் இருப்பவர் மேல்தான் போட்டார்கள்.

பத்து மணிக்கு முதலாளி கிட்டுசாமி வந்தார். மாலையைப் போட்டுவிட்டு, செருப்பைத் தேடுகிற சாக்கில் அவனைத் தண்ணீர் தொட்டிப் பக்கம் கூட்டிப் போனார்.

"தம்பி, இப்பப் பேசற பேச்சில்ல தான். நாளன்னைக்கு சரக்கு வாங்கற பையர் ஆளுக ஆடிட்டுக்கு வர்றாங்க. டேட்டா எப்படிப் போச்சு, ஆரு பண்ணுனதுன்னு காட்டோணும். ராஜவேல் அன்னைக்கே கைப்பட எழுதிக் குடுத்துட்டான்."

"அதப் படிச்சுப் பாத்தீங்களாங்கண்ணா?"

"பாத்தேன். ராஜவேல் அப்படிப் பண்ற ஆளில்லையேன்னும் நெனச்சேன்." அவர் சரவணக்குமாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா எனக்கு வேண்டியது ஒரு பேரு. அது இருக்குது. போனவன் பேரோட போகட்டும். இருக்கறவன் பேரும் கெட்டு ஆருக்கு என்ன லாபம்? காரியம் முடிஞ்சதும் வா. அந்த அஞ்சாவது அப்படியே கெடக்குது."

"செரிங்கண்ணா."

வார்த்தை இவ்வளவு வேகமாக வரும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை. நெஞ்சிலிருந்து எதையோ எடுத்துக் கீழே வைத்தது போல இருந்தது. அவர் போனதும் தொட்டித் தண்ணீரை மொண்டு வாயைக் கொப்பளித்தான், மறுபடியும் கொப்பளித்தான்.

குளிப்பாட்டுவதற்காகப் பெட்டியின் மூடியைத் திறந்தபோதுதான் சாரதாமணி வாய் திறந்தாள். "பதினோரு வருசம் ஒருத்தங்கிட்ட ஒரு சொல்லு வாங்குனதில்லையே சாமி. கடைசில பேரக் கெடுத்துட்டுப் போயிட்டீங்களே. எம்புள்ளைய நாளைக்கு ஒருத்தன் கேட்டா அது என்னன்னு சொல்லும்?"

அந்தப் பிள்ளை, அக்ஷரா, பிளஸ் டூ படிக்கிறவள், அழாமல் நின்றிருந்தாள். அப்பாவுக்கு உடுத்தப் புது வேட்டி எடுத்துக் கொடு என்று சித்தப்பனை உள்ளே கூட்டிப் போனாள். பீரோ முன்னால் நின்றுகொண்டு கேட்டாள்.

"சித்தப்பா, நான் ஃபேன் அணைக்காம வந்தாவே பாதி ரோட்டுல இருந்து திருப்பி அனுப்புவாரு. அவரா ஒயரக் கழட்டாம வந்தாரு? நேத்து ஆஸ்பத்திரில கம்பெனி ஆளுக பேசிக்கிட்டாங்க."

சரவணக்குமார் வேட்டியின் மடிப்பைப் பிரித்து, மறுபடி அதே மாதிரி மடித்தான்.

"வண்டி வந்துருச்சு கண்ணு" என்றான்.

வண்டி வந்திருக்கவில்லை. அது அவளுக்கும் தெரிந்தது. வேட்டியை வாங்கிக்கொண்டு போனாள்.

ராஜவேலுக்கு மகன் இல்லை. கேஸில் எரிக்கும் மயானத்தில் தம்பிதான் மொட்டை போட்டுக்கொண்டு கொள்ளி வைத்தான். ஆபீசில் இருந்தவர் நோட்டைத் திறந்து, பேரு, வயசு, ஊரு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்.

"காரணம்?"

அவன் பேனா நுனியைப் பார்த்தான். பின்னால் இன்னொரு பிணத்தின் ஆட்கள் காத்திருந்தார்கள்.

"நெஞ்சு வலின்னு போட்டுக்குங்க" என்றார் ஆறுச்சாமி. பேனா அதை எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனது.

இரும்புத் தட்டு சக்கரத்தில் உருண்டு உள்ளே போனது. கதவு இறங்கியது. இருபது நிமிடம்கூட அங்கே நிற்க விடவில்லை.

திரும்பி வந்தவர்கள் வாசல் குழாயில் குளித்தார்கள். மயானத்துக்குப் போனவர்கள் கூடத்தில் ஏற்றி வைத்திருக்கும் விளக்கைப் பார்த்த பிறகுதான் எதையும் தொட வேண்டும். கொள்ளி வைத்தவன் முதலில் பார்க்க வேண்டும். சரவணக்குமார் ஈர வேட்டியோடு நிலைப்படிக்கு வந்து நின்றான். பெட்டி இருந்த இடத்தைக் கழுவி விட்டிருந்தார்கள். சாரதாமணி விளக்குக்கு முன்னால், வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அக்ஷரா அவனுக்குக் காய்ந்த துண்டு ஒன்றைக் கையில் வைத்திருந்தாள்.

"நங்கையா" என்றான் அண்ணன் மனைவியிடம். "அந்த ஒயரக் கழட்டாம போனது நானுங்க. கல்யாணத்துக்குப் போற அவசரத்துல. அண்ணன் அன்னைக்கு அங்க வரவே இல்லீங்க. நாளைக்குக் கம்பெனிலயும் எழுதிக் குடுத்தர்றேன்."

கூடத்தில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவருக்குத் தெரியுமா?" என்றாள் சாரதாமணி.

"தெரியுங்க."

"தெரிஞ்சுமா தம்பேருல எழுதிக் குடுத்தாரு?"

பழைய மெஷின்கள், இரண்டு வருடம், திறந்து வைத்த கதவு எல்லாம் அவன் நாக்கு நுனி வரை வந்தன. அவன் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான்.

அக்ஷரா துண்டை வாசலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பின்னால் பதினைந்து பேர் ஈரத்தோடு நின்றார்கள். "மாப்ள, நீ பாத்தாத்தானப்பா நாங்க போக முடியும்" என்றார் ஆறுச்சாமி மெதுவாக. அவன் நகரவில்லை. அவன் நின்ற இடத்திலிருந்து விளக்கை மறைத்த சாரதாமணியின் தோள்தான் தெரிந்தது.

கடைசியில் அவள் தரையில் கையை ஊன்றி, சுவர்ப் பக்கமாகச் சற்றே தள்ளி உட்கார்ந்தாள். விளக்கு தெரிந்தது.