நீலம் சுமந்த சேவல்

ஜப்பானின் தோயோஹாஷியில் ஒரு காடைக் கொட்டகைக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். பழுப்பு ஓட்டில் கறுப்புப் புள்ளி தெளித்த முட்டைகளைத் தட்டுத் தட்டாகப் பொறுக்கிக் கண் மரத்துப்போயிருந்தது. அப்படிப்பட்ட ஒரு வசந்தகாலக் காலையில், கூண்டின் சரிவில் உருண்டு வந்து நின்றது ஒரு நீல முட்டை. புள்ளி ஒன்றுகூட இல்லை. மழை விட்டதும் எங்கள் ஊர் விரிகுடாவின் மேல் தெரியுமே, அந்த வெளிறிய நீலம். கையில் எடுத்தேன். சூடு ஆறவில்லை.

"என்னங்க, இங்க வாங்களேன்!"

என் கணவர் யசுகே தீவன வாளியோடு வந்தார். "ஏதாவது நோவா இருக்கும், கினுயே. அந்தப் பெட்டையக் கழிச்சு விட்டுடு."

"நோவு வந்தது மாதிரியா இருக்கு? உங்களவிட நல்லாத் தின்னுது."

மறுநாளும் நீலம்தான். அதற்கு மறுநாளும். ஒரு சாதாரணச் சேவலை அந்தப் பெட்டையோடு விட்டு, முட்டைகளைக் குஞ்சு பொரிக்கும் பெட்டியில் வைத்தேன். குஞ்சுகள் பொரித்தன. அவை முட்டையிடும் பருவத்துக்கு வருவதற்குள் தாய் வெயில் தாங்காமல் செத்துப்போனது.

அதன் பெண்கள் முட்டையிடத் தொடங்கியபோது ஓடிப்போய்ப் பார்த்தேன். அத்தனையும் பழுப்பு, அத்தனையிலும் புள்ளி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"போனது போச்சு, விடு" என்றார் யசுகே.

அன்று சாப்பிடும்போது எங்கள் மகள் சயோகோ குனிந்து நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். விறைத்து நிற்கும் அவள் காதையே பார்த்தேன்.

"அது உங்க அப்பா காதுதானே?" என்று யசுகேயிடம் கேட்டேன்.

"எங்க அப்பா காது இப்ப எதுக்கு நடுவுல?"

"உங்களுக்கு வரலையே. உங்களத் தாண்டி இவளுக்கு எப்படி வந்துச்சு?"

அவர் தன் காதைத் தடவிப் பார்த்தார். சயோகோ சிரித்துப் புரையேறினாள்.

மறுநாள் அந்தத் தாயின் மகனான ஒரு சேவலை அதன் சகோதரிகளோடு விட்டேன்.

"அண்ணன் தங்கச்சிக்கா? நல்லா இருக்குடி உன் சம்பந்தம்!"

"ஊரக் கூட்டியா பண்றேன்? போய் வேலயப் பாருங்க."

இலையுதிர் காலத்தில் அந்தச் சோடிகளின் பெண்கள் முட்டையிடத் தொடங்கின. பழுப்பு, பழுப்பு, மறுபடி பழுப்பு. கூண்டு வரிசையின் கடைசிக்குப் போனேன். கால் நின்றுவிட்டது.

நீலம். அதே நீலம்.

முட்டையை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டேன். என்னைத் தேடிக்கொண்டு வந்த யசுகேயும் குனிந்து பார்த்தார். தாய் கொடுத்த நீலத்தின் மேல் தகப்பனின் பழுப்பு ஏறி உட்கார்ந்திருந்திருக்கிறது. அழிக்கவில்லை, மூடி மட்டும் வைத்திருக்கிறது. மகனிடமும் மகளிடமும் ஒளிந்திருந்த நீலம், இருபுறமிருந்தும் ஒரே குஞ்சுக்குள் வந்து சேர்ந்தபோது வெளியே வந்துவிட்டது.

யசுகே அந்தச் சேவலைக் கூண்டிலிருந்து எடுத்தார். மற்ற எந்தச் சேவலையும் போலத்தான் இருந்தது.

"ஏண்டா, வாழ்நாள்ல ஒரு முட்டை போட மாட்ட நீ," என்றார் மெல்ல. "உன் உடம்புல எங்கடா வச்சிருந்த இத?"

அது அவர் விரலைக் கொத்தியது.

இப்போது எங்களிடம் ஒரு வரிசை முழுக்க நீல முட்டைக்காரிகள். சோபா என்னும் நூடுல்ஸ் விற்கும் கடைக்காரர், தொட்டுக்கொள்ளும் சாற்றில் பச்சையாக உடைத்து ஊற்ற வாங்கிப்போகிறார். உடைத்தால் உள்ளே அதே மஞ்சள்தான் என்றாலும், உடைக்க மனம் வராமல் ஓட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வந்தவர்களில் சிலர் உட்கார்ந்துவிடுகிறார்களாம்.

சேவல்களைக் கழிக்கும் நாட்களில் யசுகேவுக்குத்தான் வேலை ஓடுவதில்லை. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். ஒன்றும் தெரியாது. தெரியாது என்பது அவருக்கும் தெரியும்.